ஊன்றி நிற்பவன்

வாளோங்கிப் பாயும் வீரனை வரைவது ஓரளவு கைப்பழக்கமுள்ள எவருக்கும் சாத்தியம். ஆயுதத்தின் பாரத்தை இறக்கி அவன் இளைப்பாறும் கணத்தை, வர்ணத்தின் துணையின்றி, மசிக்கோட்டில் பிடிப்பதிலேதான் சித்திரக்காரரின் சிரத்தை தெரிகிறது. அந்த வித்தையில் டச்சுக்காரரான ஜாக் தெ கெய்னுக்கு நிகராக நான் ஒருவரையும் வைப்பதில்லை.

1607-ல் வெளியான அவருடைய ஆயுதப் பயிற்சி நூலின் 117 படங்களில், ஈட்டிக்காரர்களின் மிடுக்கை மற்றவர்கள் கொண்டாடட்டும். நான் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்ப்பது, கவைக்கோலை மண்ணில் ஊன்றி, அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தி நிற்பவனைத்தான். அவன் விரல்களிடையே கனலும் திரிக்கயிற்றின் தொய்வைப் பாருங்கள்: மெலிதாகப் புறப்பட்டு, வளைவில் தடித்து, மறுபடி மெலியும் ரேகை. குருவான கோல்ட்சியஸிடம் கற்ற அந்தக் கைவாகு செப்புத்தகட்டில் ஏறிய பிறகும் கெடவில்லை.

என் நண்பர் ஒருவர் ரெம்பிராண்டின் பக்கம். மொகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து அம்மகான் மசியில் எழுதிய பிரதிகளையும், அவற்றின் நிழற்பூச்சையும் அவர் வியக்கும்போது நான் மறுப்பதில்லை. நிழல் மனத்தை மயக்கும். ஆனால் உடலின் பாரம் எந்தக் குதிகாலில் இறங்கியிருக்கிறது என்பதைக் கோடுதான் சொல்லும்.

தெ கெய்ன் வரைந்தது போன்ற துப்பாக்கி ஏந்திய காவலர்கள் 1613-ல் பழவேற்காட்டில் எழுந்த டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டையிலும் நின்றிருப்பார்கள். கோட்டை இன்று புதர் மண்டிய இடிபாடு; டச்சுக் கல்லறையின் வாயிலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் மட்டும் துவாரபாலகர்போல் காவல் நிற்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு ஏரிக்கரைக்கு வந்த ஒரு மாலையில், வலையைக் காலடியில் குவித்துவிட்டு, ஆழமற்ற நீரில் கழியை ஊன்றி, அதன்மேல் இரு கைகளையும் கோத்து, முகவாயைப் பதித்து நின்றார் ஒரு மீனவப் பெரியவர். ஒரு முழங்கால் தளர்ந்திருந்தது. உடம்பின் பாரமெல்லாம் கழிக்குப் போயிருந்தது. தெ கெய்னின் வீரனை உயிரோடு கண்டேன்.

இன்றைய பத்திரிகைகளில் சோழ வீரன் உறங்கும்போதுகூடப் புஜங்கள் முறுக்கேறிக் கிடக்கின்றன. சிலைக்கு எதிரே அமர்ந்து பார்த்துப் பார்த்து வரைந்த ஓவியர் சில்பியின் பொறுமை எங்கே போயிற்று? சித்திரம் பயிலும் இளைஞர்களை ஒன்று வேண்டுகிறேன்: பழவேற்காட்டுக்குப் போனால் கல்லறையோடு திரும்பிவிடாதீர்கள், படகுகள் கரையேறும் நேரம்வரை ஒரு பேனாவோடு காத்திருங்கள்.