பேரும் சோக்கா, பாட்டும் சோக்கா!
(கரிபியக் கார்னிவல் இசை – ஒரு பார்வை)

‘சோக்கா’ என்று சொன்னதும் சென்னைத் தமிழ் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். “சட்டை சோக்கா கீதே!” என்பது நம் காதில் விழுந்து பழகிய பேச்சு. நான் சொல்ல வந்த சோக்கா வேறு. அது கரிபியக் கடலில் உள்ள டிரினிடாட் தீவில் 1970-களில் பிறந்த ஆட்ட இசை. ஆண்டுதோறும் அங்கே நடக்கும் கார்னிவல் திருவிழாவுக்கு உயிரே அதுதான். “அது நமக்கு எதுக்குங்க?” என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி சொல்கிறேன். அந்த இசையின் கதை ஒரு வகையில் நாம் வாழும் இந்தக் கொல்கத்தாவின் துறைமுகத்தில்தான் தொடங்குகிறது.

இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்று. இரண்டு சமூகங்களின் தாளம் கலந்து ஓர் இசை பிறந்துவிட்டால், அந்தச் சமூகங்களும் கலந்துவிட்டதாக அர்த்தமா?

கப்பலும் கரும்பும்

1845 பிப்ரவரியில் கல்கத்தாவிலிருந்து ‘ஃபத்தல் ரசாக்’ என்ற கப்பல் இருநூற்றுச் சொச்சம் பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பி, மே 30 அன்று டிரினிடாடில் கரை சேர்ந்தது. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,40,000 பேருக்கும் மேல். பெரும்பாலோர் போஜ்புரி பேசும் பீகார், உத்தரப்பிரதேச மக்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் உண்டு. அவர்களுக்கு அங்கே ஒரே பெயர்தான் – ‘மதராசி’. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள், நம்மவர்களைத் தங்கள் கூலியைக் குறைக்க வந்தவர்களாகப் பார்த்தார்கள். நம்மவர்களும் அவர்களிடமிருந்து ஒதுங்கியே வாழ்ந்தார்கள்.

ஆனால் வெள்ளை அரசுக்கு இருவருடைய கொட்டுச் சத்தமும் ஒன்றுபோலவே உறுத்தியது. 1881 கார்னிவலில் ஆப்பிரிக்க மக்கள் தீப்பந்தம் ஏந்தி வந்த ‘கான்பூலே’ ஊர்வலத்தைப் போலீசார் தடுக்க, பெரும் கைகலப்பு மூண்டது. மூன்றே ஆண்டுகளில், 1884 அக்டோபர் 30 அன்று, சான் ஃபெர்னாண்டோவில் இந்தியர்களின் மொகரம் ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டார்கள். அந்த ஊர்வலத்தில் இந்துக்களும் சேர்ந்து நடந்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். தோல் கொட்டுக்குக் கட்டுப்பாடு வந்ததும் ஆப்பிரிக்க மக்கள் மூங்கிலைத் தரையில் இடித்து வாசித்தார்கள். பிறகு தகர டப்பா, அதன் பிறகு எண்ணெய் பீப்பாய். இன்று உலகமே ரசிக்கும் ஸ்டீல்பேன் இப்படித்தான் வந்தது. தாளத்தைச் சட்டம் போட்டு நிறுத்த முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மறைந்த கருவி, மறையாத தாளம்

சோக்காவை உருவாக்கியவர் லார்ட் ஷார்ட்டி. இயற்பெயர் கார்ஃபீல்ட் பிளாக்மேன். ‘ஷார்ட்டி’ என்றால் குள்ளன்; ஆளோ நல்ல உயரம்! 1941-இல் பிறந்த இவர் வளர்ந்தது தெற்கு டிரினிடாடில், இந்தியர்கள் நிறைந்த லெங்குவா பகுதியில். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் கேட்ட டோலக் அந்த ஆப்பிரிக்கப் பையன் காதிலேயே தங்கிவிட்டது.

1970-களின் தொடக்கத்தில் ஜமைக்காவின் ரெகே இசை எங்கும் பரவ, டிரினிடாடின் கலிப்சோ இனி அவ்வளவுதான் என்ற பேச்சு எழுந்தது. ஷார்ட்டி 1973-இல் ‘இந்திராணி’ என்ற பாட்டில் டோலக், தபலா, தந்தால் மூன்றையும் கலிப்சோவோடு சேர்த்தார். தந்தால் என்பது நீண்ட இரும்புக் கம்பி. லாட வடிவ இரும்பால் அதைத் தட்டுவார்கள். கலிப்சோவை இந்தியமயமாக்கிக் கெடுத்துவிட்டார் என்று உடனே கூச்சல் கிளம்பியது.

அதற்கு ஷார்ட்டி செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இந்தியக் கருவிகளை எடுத்துவிட்டார். அவற்றின் அடிகளை மட்டும் மேல்நாட்டு டிரம்முக்கும் கிடாருக்கும் இரும்பு முக்கோணத்துக்கும் மாற்றிக் கொடுத்தார். 1974-இல் வந்த ‘எண்ட்லெஸ் வைப்ரேஷன்ஸ்’ அப்படி உருவானதுதான். முன்பு திட்டியவர்களும் இதற்கு எழுந்து ஆடினார்கள். வேஷத்தை மாற்றிக்கொண்டு அதே ஆள் வாசலில் வந்து நின்றதும் ‘வாங்க, வாங்க’ என்று உள்ளே அழைத்த கதை!

சோல், கலிப்சோ இரண்டும் சேர்ந்து சோக்கா ஆயிற்று என்று பலர் எழுதுகிறார்கள். ஷார்ட்டி சொன்ன விளக்கம் வேறு. ‘சோ’ கலிப்சோவிலிருந்து வந்தது. ‘கா’ இந்திய எழுத்து வரிசையின் முதல் மெய்யான ‘க’ என்றார் அவர். அமெரிக்க சோல் இசையின் சாயலும் அந்தப் பாட்டுகளில் தாராளமாகவே இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பெயரிலேயே பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஓர் எழுத்து கொடுத்த மனசு பெரிய மனசு.

நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால்...

சோக்காவின் மீது வழக்கமாகச் சொல்லப்படும் குற்றம், “பாட்டில் விஷயமே இல்லை, கையைத் தூக்கு, துள்ளு, கொடியை ஆட்டு, அவ்வளவுதான்” என்பது. அரசியல்வாதியைக் கிண்டலும் கேலியுமாகக் கிழித்த பழைய கலிப்சோவோடு ஒப்பிட்டால் இந்தக் குறை உண்மைதான். 1991-இல் சூப்பர் புளூ பாடிய ‘கெட் சம்திங் அண்ட் வேவ்’ வெற்றிக்குப் பிறகு இந்த வகைப் பாட்டுகள் பெருகிவிட்டன.

ஆனாலும் இந்தப் பாட்டு எங்கே பாடப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் கார்னிவல் பருவம் தொடங்கிவிடும். சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் உச்சம். திங்கள் விடியுமுன் ‘ஜூவே’. சேறும் சாயமும் பூசிக்கொண்டு தெருவில் இறங்குகிறார்கள். பிறகு லாரிமேல் ஒலிபெருக்கி முழங்க, வேஷம் கட்டிய கூட்டங்கள் நாள் முழுக்க ஆடிக்கொண்டே நடக்கின்றன. நடுவர் மேடைகளைக் கடக்கும்போது எந்தப் பாட்டு அதிகமுறை ஒலிக்கிறதோ, அதற்குத்தான் ‘ரோட் மார்ச்’ பட்டம். அதாவது நடக்கிற காலே அதற்கு ஓட்டுப் போடுகிறது! கும்மிப் பாட்டைக் காகிதத்தில் படித்துவிட்டு “இதில் கவிதை எங்கே?” என்று கேட்பது எவ்வளவு நியாயமோ, அவ்வளவுதான் இந்த விமர்சனமும் நியாயம்.

வேடிக்கை என்னவென்றால், பெற்றவரே பிள்ளையைக் கோபித்துக்கொண்டார். பின்னாளில் ராஸ்தஃபாரி நெறிக்கு மாறி, குடும்பத்தோடு பிபாரோ காட்டுப்பகுதிக்குப் போன ஷார்ட்டி, சோக்கா வெறும் உடல் குலுக்கலாகிவிட்டது என்று வருந்தி, பக்தி கலந்த ‘ஜமூ’ இசைக்குப் போய்விட்டார். ‘ராஸ் ஷார்ட்டி ஐ’ என்ற பெயரில் 2000-இல் காலமானார்.

தாளம் கலந்தது, மனிதர்கள்?

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ‘இந்திராணி’ பாட்டின் தாளத்தில் இந்தியர்மேல் மரியாதை இருந்தது. ஆனால் அதில் வரும் இந்தியப் பெண் கேலிச்சித்திரமாகவே வருகிறாள். தாளத்தை மதித்தவர் ஆளை மதிக்கவில்லையே என்று இந்தியர்கள் வருத்தப்பட்டதில் நியாயம் உண்டு.

1979-இல் பிளாக் ஸ்டாலின் ‘கரிபியன் மேன்’ பாடி கலிப்சோ மன்னர் பட்டம் வென்றார். ஒற்றுமையைப் பாடிய பாட்டுத்தான். ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களே கரிபிய மக்கள் என்ற தொனி அதில் இருந்தது. “அப்போ நாங்க யாரு?” என்று மக்கள்தொகையில் ஏறத்தாழ நாற்பது சதவீதமான இந்தியர்கள் கேட்டார்கள்.

நம்மவர்கள் மட்டும் என்ன யோக்கியம்? 1987-இல் துருபதி ராம்கூனாய் ‘சட்னி சோக்கா’ பாடியபோது, இந்தியப் பெண் கார்னிவல் மேடையில் பாடலாமா என்று அவரைத் தூற்றியவர்கள் இந்தியர்களே. அவர் அசரவில்லை. அடுத்த ஆண்டு தாஸா கொட்டைப் பற்றிப் பாடி ஊரையே ஆடவைத்தார்.

பிறகு ஒரு நல்லது நடந்தது. 1979-இல் சர்ச்சைக்கு ஆளான அதே பிளாக் ஸ்டாலின், 1995-இல் சட்னி இசையின் முன்னோடியான சுந்தர் போப்போவைப் போற்றி ஒரு பாட்டுப் பாடி மறுபடியும் பட்டம் வென்றார். பதினாறு ஆண்டு ஆயிற்று. தாளம் கலக்க ஒரு பருவம் போதும். அடுத்தவனைப் பெயர் சொல்லி மரியாதையாகப் பாட இவ்வளவு காலம் பிடிக்கிறது. எந்தக் கலப்பிசையையும் இந்த இரண்டாவது அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

யாருக்குச் சொந்தம்?

இந்த அளவுகோல் நமக்கும் உண்டு. 1980-இல் வந்த ‘கர்ஸ்’ இந்திப் படத்தில் ரிஷி கபூர் சுழலும் இசைத்தட்டின்மேல் ஆடிப் பாடும் ‘ஓம் சாந்தி ஓம்’ பல்லவியை அறியாதவர் உண்டா? அது லார்ட் ஷார்ட்டியின் ‘ஓம் சாந்தி’ பாட்டிலிருந்து வந்தது. இந்தியச் சொல்லை ஓர் ஆப்பிரிக்கர் டிரினிடாடில் பாட, அது பம்பாய்க்குத் திரும்பி வந்து, 2007-இல் ஷாருக் கான் படத்துக்கே பெயராயிற்று. நாம் எத்தனையோ கல்யாணத்தில் ஆடியாயிற்று. ஷார்ட்டி பெயர் யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வெளியூர்த் தமிழர் மலர்களில் எதை எழுதினாலும் ‘இதுவும் தமிழன் தந்ததே’ என்று முடிப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. கயானா நாட்டுக் காளி கோயில்களில் மதராசிகள் கொண்டுபோன தப்பு அதே பெயரோடு இன்றும் ஒலிக்கிறது. பேச்சில் தமிழ் போய்விட்ட இடத்தில் தப்பு நின்றது பெரிய விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் சோக்காவின் டோலக்கும் தந்தாலும் போஜ்புரிக்காரர்களுடையவை. அதைத் தமிழ்க் கணக்கில் எழுதினால், ஷார்ட்டியின் பெயரை மறந்ததுபோல இன்னொருவர் பெயரையும் மறைத்தவர்களாவோம்.

நமக்குச் சொந்தம் இல்லை என்பதால் ரசிக்கக்கூடாது என்று யார் சொன்னது? அந்தப் பையன் பக்கத்து வீட்டுக் கொட்டை ரசித்ததால்தானே சோக்காவே பிறந்தது! நம் பிள்ளைகள் இங்கே துர்கா பூஜையின் டாக் கொட்டு கேட்டு வளர்கிறார்கள். நன்றாகக் கேட்கட்டும், ஆடட்டும். கூடவே அதைக் கொட்டுகிறவரின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.