பாவத் துயரும் ஆறுதலும்: இரட்சணிய யாத்திரிகம் பற்றிய ஒரு நோக்கு

தமிழுக்குக் கிறித்தவர் ஆற்றிய பணி என்றவுடன் அகராதி, உரைநடை, அச்சுக்கலை, இதழியல் என்பனவே பெரும்பாலும் பட்டியலிடப்படுகின்றன. இவை மறுக்கவியலாத பணிகளே. எனினும், ஒரு சமயம் ஒரு மொழிக்குள் வந்து சேரும்போது கருவிகளை மட்டும் கொண்டு வருவதில்லை; ஓர் அனுபவத்தையும் கொண்டு வருகிறது. கிறித்தவத்தைப் பொறுத்தவரை அவ்வனுபவத்தின் மையம், மனிதன் தன் பாவத்தை எண்ணித் துயருறுதலும் அத்துயர் விசுவாசத்தில் ஆறுதல் பெறுதலுமாகும். இவ்வனுபவம் தமிழ்க் கவிதையில் எவ்வாறு உருப்பெற்றது, எங்கே உயிர் பெற்றது, எங்கே தவறியது என்னும் வினாக்களை எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) என்னும் காப்பியத்தை முதன்மையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், பாவத் துயர் என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். தவறு செய்தவன் வருந்துவது இயல்பு. ஆயின் எல்லா வருத்தமும் ஒரு தன்மையதன்று. நற்செய்தி நூல்கள் இவ்வேறுபாட்டை இரு மனிதரைக் கொண்டு காட்டுகின்றன. யூதாஸ் தன் குருவைக் காட்டிக்கொடுத்தான். பேதுரு அவரைத் தெரியாது என மும்முறை மறுதலித்தான். இருவரும் வருந்தினர். யூதாஸ் தான் பெற்ற முப்பது வெள்ளிக்காசையும் திருப்பி எறிந்தான். குற்றத்தை வாய்விட்டு ஒப்புக்கொண்டான். பின்னர் நான்று கொண்டு மாண்டான். பேதுருவோ வெளியே சென்று மனங்கசந்து அழுதான், வாழ்ந்தான். குற்றத்தை அறிந்த அளவிலோ ஒப்புக்கொண்ட அளவிலோ இருவரிடையே பெரிய வேறுபாடு இல்லை. லூக்கா தரும் ஒரு நுண்ணிய செய்தியே இங்கு கவனிக்கத்தக்கது: பேதுரு மறுதலித்த அக்கணத்தில் இயேசு திரும்பி அவனை நோக்கினார். யூதாஸ் தன் குற்றத்தை மட்டுமே கண்டான். பேதுரு தன்னால் நோவுற்றவரின் முகத்தையும் கண்டான். ஆறுதலுக்கு வழி திறந்தது அந்த முகமே எனலாம். பாவத் துயரைப் பாடும் இலக்கியத்தை மதிப்பிடுவதற்கு இவ்வேறுபாட்டினை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

கிருஷ்ணபிள்ளைக்கு மூலமாக அமைந்தது ஆங்கிலேயராகிய ஜோன் பனியன் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மோட்சப் பயணம்’ என்னும் உருவகக் கதையாகும். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தமைக்காகப் பெட்போர்டில் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர் பனியன். அவருடைய கதாநாயகன் முதுகில் பெருஞ்சுமையொன்றுடன் தோன்றுகிறான். அச்சுமை அவனுடைய பாவம். நம்பிக்கையின்மை என்னும் சேற்றில் அவன் விழுகிறான். சட்டத்தையும் நல்லொழுக்கத்தையும் நம்பினால் சுமை இறங்கும் என்னும் உலகியல் அறிவாளியின் பேச்சை நம்பி வழி தவறுகிறான். இறுதியிற் சிலுவையின் முன் வந்து நிற்கும்போது சுமை தானாகக் கழன்று உருண்டு கல்லறையுள் மறைகிறது. பனியன் இதனை மிகச் சில வாக்கியங்களிலேயே கூறி முடித்துவிடுகிறார். அவருடைய வாசகருக்கு அச்சில வாக்கியங்களே போதுமாயிருந்தன. தேவாலயத்திலும் வீட்டிலும் விவிலியம் கேட்டு வளர்ந்த அவர்கள், சிலுவை என்னும் சொல்லைக் கண்டதும் அதன் கதை முழுவதையும் தம் நினைவிலிருந்தே நிரப்பிக் கொண்டனர்.

தமிழ் வாசகனுக்கு இவ்வாய்ப்பு இருக்கவில்லை. இதனைக் கிருஷ்ணபிள்ளை நன்கு உணர்ந்திருத்தல் வேண்டும். 1827இல் திருநெல்வேலிப் பகுதியில் வைணவ வேளாளர் குடும்பமொன்றிற் பிறந்து, கம்பனிலும் ஆழ்வார் பாசுரங்களிலும் திளைத்து, ஜீ. யூ. போப் தொடங்கிய சாயர்புரக் கல்விக்கூடத்தில் பின்னாளில் தமிழாசிரியராகப் பணியாற்றி, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். ஆகவே, அவர் கையில் இருந்த மொழி வெறுமையான மொழியன்று; ஏற்கெனவே அழுது பழகிய மொழி.

இங்குதான் இலக்கியச் சிக்கல் எழுகின்றது. தன்னைத் தாழ்த்திக் கூறும் மரபு தமிழ்ப் பக்தியிலக்கியத்தில் மிகச் செழித்த ஒன்று. ‘நாயேன்’, ‘கடையேன்’ என்பன அடியார் வாக்கிற் பயின்று வரும் சொற்கள். இச்சொற்களை எடுத்தாண்டாற் பாவத் துயர் தானாகவே தமிழில் வந்துவிடுமன்றோ எனத் தோன்றலாம். ஆயின் அவ்வாறன்று. சைவ சித்தாந்தம் கூறும் ஆணவ மலம் அநாதியானது. உயிரைத் தொன்றுதொட்டே பற்றி நிற்பது. கன்மமும் பிறவிதோறும் தொடர்ந்து வருவது. அடியார் இரங்குவது பெரும்பாலும் தம் தகுதியின்மையை எண்ணியும் இறைவனைப் பிரிந்திருத்தலை எண்ணியுமே. இறைவன் பிறர்பொருட்டு நஞ்சுண்டான் என்னும் கதையும் அங்கு உண்டு. ஆயினும், அந்நஞ்சை ஊட்டியவன் நானே என்னும் குற்றவுணர்வுக்கு அங்கு இடமில்லை. கிறித்தவத் துயரின் தனித்தன்மையோ அதுவே. பாவம் என்பது ஒட்டிக்கொண்ட மாசு மட்டுமன்று, ஒருவருக்கு இழைக்கப்பட்ட தீங்கு, தீங்கிழைக்கப்பட்டவரே மன்னிப்பவருமாவார். இவ்வேறுபாட்டைச் சுட்டுவது ஒரு மரபினை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவதற்காகவன்று. சாயர்புரத்திற் பணிபுரிந்த அதே போப் 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டமை, உருக்கம் சமய எல்லைகளைக் கடந்து செல்லவல்லது என்பதற்குச் சான்றாகும்.

இச்சிக்கலுக்குக் கிருஷ்ணபிள்ளை கண்ட தீர்வு, பனியன் சுருங்கக் கூறியதைத் தாம் விரித்துக் கூறுவதாயிற்று. ஐந்து பருவங்களாக அமைந்த காப்பியத்தின் குமார பருவத்தில் ‘இரட்சணிய சரிதப் படலம்’ இடம்பெறுகிறது. இயேசு பிணிக்கப்பட்டு, பிலாத்துவின் முன் நிறுத்தப்பட்டு, முள்முடி சூட்டப்பட்டு, எள்ளி நகையாடப்பட்டு, சிலுவையில் மாள்வது வரையிலான பாடுகளைக் கவிஞர் அங்கு நம் கண்முன் நிறுத்துகிறார். பகைவர் அவரைக் கயிற்றாற் கட்டிய நிகழ்ச்சியை அவர் நோக்கும் முறையே அவருடைய கவித்துவத்திற்கு உரைகல். அவரை அசையாது நிறுத்தியது கயிற்றின் வலிமையன்று, தம்மைப் பகைத்தோர்மீது அவர் கொண்ட அன்பின் பிணிப்பே என்பது கவிஞரின் நோக்கு. கட்டியவனும் அன்பு செய்யப்பட்டவனும் ஒருவனே என்னும் உண்மை இவ்வொரு கற்பனையுள் அடங்கிவிடுகிறது. படிப்பவன் தன் குற்றத்தையும் அதற்குரிய மன்னிப்பையும் ஒரே காட்சியிற் காண்கிறான். பேதுரு கண்ட முகம் தமிழிற் தெரிவது இங்கேதான்.

இதனைச் செய்யக் கவிஞருக்குத் துணைநின்றது கம்பன் வழி வந்த அவலச்சுவையாகும். இராமன் அயோத்தியை நீங்கும்போது நகரத்து மாந்தர் யாவரும் கதறக் கேட்ட செவி கிருஷ்ணபிள்ளையின் செவி. பிறர் துயர் கண்டு கூட்டமாகக் கண்ணீர் சிந்தும் தமிழ்க் காப்பிய மரபினைப் பாவத் துயரை எழுப்பும் வழியாக அவர் மாற்றினார். பனியனின் பயணி தன் சுமையை எண்ணித் தனியே அழுகிறான். கிருஷ்ணபிள்ளையின் வாசகன் பிறரொருவரின் நோவைக் கண்டு அழத் தொடங்கி, அந்நோவுக்குத் தானும் காரணன் என்பதை அழுகையின் நடுவே அறிகிறான். ஆங்கில மூலத்தின் நிழலாக நின்றுவிடாது, தமிழ் தானும் ஒன்றைக் கொடுத்த இடம் இது.

எனினும், காப்பியம் முழுவதும் இவ்வுயரத்தில் நிற்கின்றது எனக் கூறல் இயலாது. சமய உண்மைகளைத் தொடர்ந்து எடுத்துரைக்கும் பகுதிகளில் வடசொற் செறிவு மிகுகின்றது. விருத்தம் ஓசையளவில் ஓடுகின்றது. துயர் சொல்லப்படுகின்றதேயன்றி உணர்த்தப்படவில்லை. தான் பாவி என ஒரு பாத்திரம் பன்முறை கூறுவதனால் மட்டும் அது மனம் வருந்தியதாகிவிடாது. காப்பியத்தினிடையே அமைந்த தேவாரப் பாடல்கள் நூலினின்று பிரிந்து வழிபாட்டிலும் இடம்பெற்றன. இசையும் எளிமையும் கூடிய இடங்களிற் பாவத் துயர் உயிர் பெறுகிறது. தருக்கம் தனித்து நிற்குமிடங்களில் வாடுகிறது.

கிருஷ்ணபிள்ளைக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே இலங்கையில் இதே நெறி கைக்கொள்ளப்பட்டது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1705இல் கோவாவிலிருந்து வந்து, ஒல்லாந்தரின் தடைகளுக்கிடையே உழைத்து, 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் ‘வியாகுலப் பிரசங்கம்’ தபசு காலத்தில் உருக்கமான இசையுடன் வாசிக்கப்பட்டு வந்ததை நம்மவர் அறிவர். உருவங்களைக் கொண்டு பாடுகளைக் காட்டும் ‘உடக்குப் பாஸ்’ மரபும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. ஒன்று கத்தோலிக்க மரபு, மற்றது புரட்டஸ்தாந்த மரபு; ஒன்று மக்கள் கூடிக் கேட்பது, மற்றது கற்றோர் பயில்வது. ஆயினும், பாவத்தைப் போதனையாகக் கூறாது, துன்புறுபவரின் முகத்தைக் காட்டி மனத்தை உருகச் செய்தல் என்னும் நெறி இரண்டிற்கும் பொதுவாகும்.

இவ்வுருக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. துன்புற்ற இறைவனுக்காகச் சிந்தும் கண்ணீர், நம்மால் துன்புற்ற அயலானை மறக்கச் செய்துவிடலாம். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பக்தி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும், திருச்சபையிற் சாதி வேறுபாட்டை ஒழிக்க முனைந்த மிஷனரிமாருக்கு எதிராக 1820களின் இறுதியில் அவர் வாதிட்டு எழுதினார். ஒருவரைக் குறைகூறுவதற்காக இதனைக் கூறவில்லை. உள்ளத்தை உருக்கும் பாடலும், உடன் வழிபடுவோனை ஒதுக்கி அமர்த்தும் பாயும் ஒரே ஆலயத்தில் இருந்திருக்கின்றன என்பது வரலாறு. சகேயு என்னும் வரி தண்டுவோன் மனந்திரும்பியபோது கண்ணீர் விட்டதாக லூக்கா கூறவில்லை. அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவேன் என்றதாகவே கூறுகிறார். இச்சகேயுவின் குரல் நமது கிறித்தவ இலக்கியத்தில் மெலிதாகவே ஒலிக்கின்றது. இரட்சணிய யாத்திரிகமும் இதற்கு முற்றிலும் விலக்கன்று. அதன் துயர் உள்ளத்திற்கும் இறைவனுக்கும் இடையே பெரிதும் நிகழ்வது. ஊருக்குள் இறங்கி வருவது குறைவு.

தொகுத்து நோக்குமிடத்து, பாவத் துயரைத் தமிழாக்குதல் என்பது சொற்களைத் தேடும் பணியன்று, ஒரு முகத்தைக் காட்டும் பணி என்பதைக் கிருஷ்ணபிள்ளை தம் காப்பியத்தின் சிறந்த பகுதிகளில் நிறுவியுள்ளார். அம்முகத்தைக் கண்டவன் யூதாஸைப் போன்று தன் குற்றத்தோடு தனித்திருப்பதில்லை; அதுவே கிறித்தவ விசுவாசம் தரும் ஆறுதல். நம்மால் வருத்தப்பட்ட மனிதரின் முகங்களிலும் அதே முகத்தைக் காட்டவல்ல படைப்பே இத்துறையில் இனி வேண்டற்பாலது. அவ்விலக்கியத்தின் துயர் கிருஷ்ணபிள்ளை பாடியதிலும் கடுமையாயிருக்கலாம். அது தரும் ஆறுதலோ இன்னும் பலரைச் சென்றடைவதாயிருக்கும்.