மறுப்பின் அழகு

வாதக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த இடம், எதிர்த்தரப்பைப் பற்றி எழுதும் பத்தி. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூலில் சொன்ன எழுவகை மதங்கள் (நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடுகள்) உடன்படலில் தொடங்குகின்றன. மறுத்தல் இரண்டாவதாகத்தான் வருகிறது. பிறர் கருத்தை ஏற்றுக்கொண்டு பின்பு களைவதும் அவற்றில் ஒன்று. எவ்வளவு நேர்மையான வரிசை!

நற்பிட்டிமுனை மாணவி ஒருத்தி ரியூசனைப் பற்றி எழுதுகிறாள் என்று வைப்போம். ‘எல்லாரும் காசுக்காகத்தான் படிப்பிக்கிறார்கள்’ என்ற வரியில் சூடு உண்டு, நியாயம் இல்லை. ‘பாடசாலையில் விளங்காததை ரியூசனில் விளங்கிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள்; ஆனாலும் வெள்ளிக்கிழமை பின்னேரமாவது அவர்களை விளையாட விடுங்கள்’ என்று மாற்றினால், ரியூசன் ஆசிரியரே நின்று வாசிப்பார்.

எதிர்த்தரப்பை நோக்கி எழுதுவது புதிதல்ல. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பையும், நவீன கல்விக்குத் தயங்கிய தம் சமூகத்தை நோக்கியே அக்கல்வியின் தேவையை எடுத்துரைத்தார்.

கட்டுரை படிப்பிக்கும் ஆசிரியர்களே, எதிர்த்தரப்பின் மிக வலுவான நியாயத்தை முதலில் எழுதச் சொல்லுங்கள். அதை எழுதத் தெரிந்த பிள்ளையின் மறுப்புக்கே பெறுமதி உண்டு.