ஆதாரம்: கூகுள்

மன்னார் வளைகுடாவில் எத்தனை தீவுகள்? வாலிநோக்கத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் ஒருத்தி 21 என்று எழுதி வருவாள், பக்கத்து பெஞ்சுக்காரன் 19 என்பான். விடைக்குறிப்பில் 21 இருந்தால் 19-க்கு சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. ஆனால் 19 தப்பா?

இல்லை. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை 21 தீவுகள். அதில் கீழக்கரைக் கூட்டத்தைச் சேர்ந்த பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கம் இருக்கும் விலாங்குசல்லியும் இப்போது நீருக்கடியில். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வருஷக்கணக்கில் பவளப்பாறையை வெட்டியெடுத்தோம், அலை அரிப்பு மீதியைப் பார்த்துக்கொண்டது. அறிவிப்பைப் பார்த்து எழுதினால் 21, வெளியே தெரிவதை எண்ணினால் 19. எண்ணுக்குப் பக்கத்தில் 'எங்கிருந்து, எந்த ஆண்டு' என்று இரண்டு சொல் இருந்தால் சண்டையே இல்லை. இல்லாததால் சரியாகத் தேடிய பிள்ளைக்கு மதிப்பெண் போகிறது. தன் கடலில் இரண்டு தீவு மூழ்கிய கதையும் வகுப்புக்கு வராமலே போகிறது.

பள்ளி ப்ராஜெக்ட் நோட்டுகளின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 'ஆதாரம்: கூகுள், விக்கிப்பீடியா' என்று இருக்கும். கூகுள் வழிகாட்டும் பலகைதான், ஊர் அல்ல. பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது, நம் பாடப்புத்தகம் கற்றுக்கொடுப்பது அதைத்தான். எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் பாட முடிவில் மேற்கோள் நூல்கள், இணையதள வளங்கள் என்று பட்டியல் வருகிறது. நல்ல விஷயம். ஆனால் பாடத்துக்குள் இருக்கும் எந்த வரி எந்த நூலிலிருந்து வந்தது என்று தெரியாது. அதனால் ஆதாரம் என்பது கடைசியில் போடும் 'நன்றி, வணக்கம்' மாதிரி ஆகிவிடுகிறது. மென்பொருளில் ஒரு வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று கிட்டில் வரிவரியாகப் பார்க்கலாம். எல்லாப் பெயரையும் கடைசியில் மொத்தமாகக் கொட்டினால் பிழையை எங்கே போய்த் தேடுவது?

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சடங்கு என்று நினைக்க வேண்டாம். குண்டலகேசியில் 19 பாடல், வளையாபதியில் 72 பாடல் இன்று நம் கையில் இருக்கிறதென்றால், பிறர் மேற்கோளாகவும் தொகுப்பிலும் எடுத்து வைத்ததால்தான். உ.வே.சா. உரைகளில் வரும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடித்தேடிக் குறித்தார். கண்டுபிடிக்க முடியாதவற்றை 'விளங்கா மேற்கோள்' என்று தனியாகப் பட்டியல் போட்டார். 'இது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை' என்று எழுதுவதும் ஆராய்ச்சிதான். இதை எந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம்?

ஆறு முதல் எட்டு வரை ஏபிஏ, எம்எல்ஏ, கமா எங்கே, புள்ளி எங்கே என்பதெல்லாம் வேண்டாம். யார் சொன்னது, எங்கே, எப்போது, அவர் நேரில் பார்த்ததா, கேட்டதா? இந்த நாலு கேள்வி போதும். அதையும் அந்தந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

கடற்கரைப் பள்ளிக்கு இது இன்னும் முக்கியம். வாலிநோக்கத்துப் பிள்ளைக்குத் தேவையான பாதி விஷயம் புத்தகத்தில் இருக்காது. எந்தக் காற்றுக்கு எந்த மீன், உப்பளம் வருவதற்கு முன் அந்த நிலம் எப்படி இருந்தது என்பதெல்லாம் தாத்தாவிடம்தான் கேட்க வேண்டும். 'முன்னோர்கள் கூறுகின்றனர்' என்று எழுதினால் அது வதந்தி. தாத்தாவின் பெயர், ஊர், கேட்ட தேதி போட்டு, 'இவர் கடலுக்குப் போனவர், நேரில் பார்த்ததைச் சொன்னார்' என்று எழுதினால் அது ஆவணம். ஊர்ப் பெயரில் வாலி இருப்பதால் ராமாயணத்தோடு முடிச்சுப் போடுவதும் சுலபம். போடட்டும், ஆனால் 'வரலாறு கூறுகிறது' என்று எழுத வேண்டாம். வரலாறு வாய் திறந்து பேசாது, யாரோ ஒருத்தர்தான் சொல்லியிருப்பார். அவர் யார்?

வழி ஏற்கெனவே இருக்கிறது. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 வயதுப் பிள்ளைகூட உள்ளூர்ப் பிரச்சினையை எடுத்து ஆய்வு செய்யலாம். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதை நடத்தியிருக்கிறது. ஆனால் அங்கே போகிறவர்கள் கொஞ்சப் பேர். வீட்டுப்பாடம் எல்லாருக்கும் உண்டு. ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம்: விடை சரியா என்று பார்ப்பதற்கு முன், 'இதை எங்கே போய்ப் பார்க்கலாம்?' என்று கேட்டு அதற்கு ஒரு மதிப்பெண் வைக்கட்டும். 19 என்று எழுதிய பிள்ளை அப்போது வாய் திறந்து பதில் சொல்லும்.