ஓவர்பாஸ் ஏபிஐ: 200 வந்தால் மட்டும் போதாது

ஏழாயிரம்பண்ணையைச் சுற்றி 25 கிலோமீட்டருக்குள் தீயணைப்பு நிலையங்கள் எங்கெங்கே இருக்கின்றன? ஆஸ்பத்திரிகள் எங்கே? விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலைகள் நிறைந்த வெம்பக்கோட்டை தாலுகாவில் இது பொழுதுபோக்குக்குக் கேட்கிற கேள்வி இல்லை. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தப் பட்டியலை ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலிருந்து இலவசமாக எடுத்துத் தருகிற சேவை ஓவர்பாஸ் ஏபிஐ. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து இங்கிருந்தே அதை ஓட்டிப் பார்த்தேன். எவ்வளவு வேகம் என்பதைவிட, பதில் பாதியில் நின்றுபோனால் அது நமக்குத் தெரியவருமா என்பதுதான் என் கவனம்.

முதல் பார்வை

ரோலண்ட் ஓல்ப்ரிஷ்ட் எழுதிய திறமூல மென்பொருள் இது. கணக்குத் தொடங்க வேண்டாம், சாவி வாங்க வேண்டாம், காசும் வேண்டாம். ப்ரௌசரிலேயே எழுதிப் பார்க்க ஓவர்பாஸ் டர்போ என்ற பக்கம் இருக்கிறது. பொது சர்வரில் ஒருவர் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கேள்விகள், 1 ஜிபி பதிவிறக்கம் என்ற அளவுக்குள் நின்றால் போதும் என்கிறார்கள். ஒரு ஊருக்கோ ஒரு மாவட்டத்துக்கோ இது தாராளம்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'விருதுநகர் மாவட்டம்' என்று எல்லை போட்டுக் கேட்டால் பக்கத்திலேயே இருக்கும் கோவில்பட்டி விட்டுப்போகும்; அது தூத்துக்குடி மாவட்டம். தீ மாவட்ட எல்லை பார்த்துப் பரவுவதில்லை. ஆகவே ஒரு புள்ளியை வைத்து, அதைச் சுற்றி இத்தனை மீட்டர் என்று கேட்கும் 'அரவுண்ட்' வடிகட்டிதான் இந்த வேலைக்குச் சரி.

சிக்கல் எங்கே?

ஓவர்பாஸுக்கு அனுப்பும் ஒவ்வொரு கேள்வியிலும் டைம்அவுட் எத்தனை வினாடி என்று நாமே எழுதலாம். எழுதாவிட்டால் 180 வினாடி, 512 எம்பி நினைவகம் என்று அது எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்துக்குள் வேலை முடியாவிட்டால் நிறுத்திவிடும். இதுவரை எல்லாம் நியாயம்தான்.

நிறுத்திய பிறகு அது அனுப்பும் பதிலில்தான் பொறி இருக்கிறது. எச்டிடிபி நிலை எண் 200, அதாவது 'எல்லாம் சரி'. ஜேசன் ஒழுங்காகத் திறந்து ஒழுங்காக மூடியிருக்கும். உள்ளே 'எலிமெண்ட்ஸ்' என்ற பட்டியல் காலியாகவோ குறைவாகவோ இருக்கும். கடைசியில் 'ரிமார்க்' என்ற பெயரில் ஒரு வரி: ரன்டைம் எரர், இத்தனை வினாடிக்குப் பின் நேரம் தீர்ந்தது. நினைவகம் போதாமல் நின்றாலும் இதே கதை. ஓவர்பாஸ் டர்போவில் இது எச்சரிக்கையாகக் கண் முன்னால் வரும். நாமே எழுதும் நிரலில் அந்த வரியைத் தேடிப் பார்த்தால்தான் உண்டு.

இதற்குக் காரணம் உண்டு. எச்டிடிபியில் நிலை எண் முதலில் கிளம்பிவிடும், உள்ளடக்கம் பின்னால் வரும். 200 என்று சொல்லி அனுப்பிய பிறகு நடுவழியில் தடங்கல் வந்தால் அந்த எண்ணைத் திரும்ப வாங்க வழியில்லை.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை என்று வர வேண்டிய பட்டியலில் ஒன்று குறைந்தால் அதைப் பார்ப்பவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. பிழைச் செய்தி வந்திருந்தால் திரும்ப முயன்றிருப்பார். குறைந்த பட்டியலோ அப்படியே ஆலைச் சுவரில் ஒட்டப்பட்டுவிடும்.

எண்ணிப் பார்த்து வாங்குங்கள்

லாரியிலிருந்து பட்டாசுப் பெட்டி இறங்கும்போது எண்ணிப் பார்க்காமல் யாரும் ரசீதில் கையெழுத்துப் போடுவதில்லை. அதே பழக்கம் இங்கேயும் வேண்டும். ஓவர்பாஸ் அதற்கு வழி வைத்திருக்கிறது: 'அவுட் கவுண்ட்' என்று கேட்டால் மொத்த எண்ணிக்கையை மட்டும் தரும். முதலில் எண்ணிக்கையை வாங்கி, பிறகு பட்டியலை வாங்கி, இரண்டையும் ஒப்பிடலாம். இரண்டு பதிலிலும் 'ரிமார்க்' இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எண்ணிக்கை பூஜ்யம், ரிமார்க்கும் இல்லை என்றால் அந்த வட்டத்தில் யாரும் இன்னும் வரைபடத்தில் குறிக்கவில்லை என்று பொருள். அது வேறு குறை, அதற்கு மருந்தும் வேறு.

பதில் வருகிற வழியில் சிக்னல் போனால் ஜேசனின் மூடும் அடைப்புக்குறி வந்து சேராது, படிக்கும்போதே நிரல் கத்திவிடும். அது நல்லதுதான். சிஎஸ்வி வடிவில் கேட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. நாலு வரி குறைந்த கோப்பும் முழுக் கோப்பு போலவே இருக்கும். ஆகவே இங்கே ஜேசனே மேல்.

நம் பக்கத்துக் கடிகாரம்

பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் டைம்அவுட் என்று நாம் எழுதாவிட்டால் அது காலவரையறை இல்லாமல் காத்திருக்கும். எழுதினாலும் அந்த எண் மொத்த நேரத்துக்கானது இல்லை. ஒரு துண்டுத் தகவலுக்கும் அடுத்ததற்கும் இடையிலான மௌனத்துக்கானது. சொட்டுச் சொட்டாக வரும் பதில் அதைத் தாண்டி எவ்வளவு நேரமும் ஓடலாம். கர்ல் கருவியில் 'மேக்ஸ் டைம்' என்ற அமைப்பு மொத்த நேரத்தையே கட்டுப்படுத்தும். கர்ல் 28 என்ற வெளியேறும் எண்ணோடு முடிந்தால் நேரம் தீர்ந்தது, 18 என்றால் பாதிதான் வந்தது. ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

நம் பக்கத்து நேரம் சர்வருக்குச் சொன்ன நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். அங்கே 90 என்று சொல்லிவிட்டு இங்கே 30-இல் இணைப்பைத் துண்டித்தால், நாம் கிளம்பிய பிறகும் அங்கே வேலை ஓடிக்கொண்டிருக்கலாம். ஒரே நேரத்தில் கேள்விகளை ஓட்ட ஓவர்பாஸ் ஒவ்வொருவருக்கும் சில இடங்களையே ஒதுக்குகிறது. அவை நிரம்பியிருக்கும்போது உடனே திரும்பக் கேட்டால் 429 என்ற மறுப்புதான் வரும். 'ஸ்டேட்டஸ்' பக்கம் அடுத்த இடம் எத்தனை வினாடியில் காலியாகும் என்று சொல்கிறது. அதைப் பார்த்துக் காத்திருப்பது மரியாதையும்கூட. 504 வந்தால் சர்வரே திணறுகிறது. ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கி முயல வேண்டும்.

டைம்அவுட்டைக் கண்டபடி உயர்த்துவதும் பலன் தராது. நாம் கேட்கும் நேரமும் நினைவகமும் சர்வரில் மிச்சம் இருப்பதில் பாதிக்குள் இருந்தால்தான் கேள்வியை உள்ளே விடும். பேராசைப்பட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பும். நேரம் போதவில்லையென்றால் பரப்பை நாலு கட்டமாகப் பிரித்துக் கேளுங்கள். இரு கட்டங்களின் எல்லையில் ஓடும் சாலை இரண்டிலும் வரும்; வகையையும் அடையாள எண்ணையும் சேர்த்துப் பார்த்து ஒன்றை நீக்கிவிடலாம்.

மற்ற இடங்களிலும் இதே

பாதிப் பதில் ஓவர்பாஸின் தனிக் குணம் இல்லை. மத்திய அரசின் டேட்டா டாட் கவ் டாட் இன் தளத்தில் மாதிரிச் சாவியோடு மண்டி விலை கேட்டால் 10 வரிகள் மட்டுமே வரும். பதிலிலேயே 'டோட்டல்', 'கவுண்ட்' என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு ஏபிஐகளில் பதில் நீள வரம்பில் அறுபட்டால், நின்ற காரணம் 'லெங்த்' அல்லது 'மேக்ஸ் டோக்கன்ஸ்' என்று குறிப்பு வரும். பெயர்தான் வேறு, பதில் முழுமையா என்று சொல்லும் புலம் இவை எல்லாவற்றிலும் உண்டு.

தீர்ப்பு

பிடித்தது: இலவசம், சாவி வேண்டாம், எண்ணிக்கையைத் தனியாகக் கேட்க முடிகிறது, தகவல் எந்த நேரம் வரையிலானது என்ற முத்திரை ஒவ்வொரு ஜேசன் பதிலிலும் இருக்கிறது. பிடிக்காதது: தோல்வியை 200-க்குள் ஒளித்துவைப்பது, கேள்வி மொழியைப் பழகப் பிடிக்கும் நேரம்.

ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். விபத்து நேரத்தில் திறக்கும் ஆப்பை மட்டும் பொது சர்வரை நம்பிக் கட்டாதீர்கள். இரவில் ஒருமுறை தகவலை இறக்கி, ரிமார்க் இல்லை, எண்ணிக்கை பொருந்துகிறது என்று இரண்டும் தேறினால் மட்டும் பழைய கோப்பை மாற்றுங்கள். தேறாவிட்டால் நேற்றைய கோப்பே இருக்கட்டும், அதன் தேதியோடு. மாநிலம் முழுவதற்கும் தேவைப்பட்டால் ஜியோஃபாப்ரிக் தளம் தரும் தென்மண்டலக் கோப்பை இறக்கிச் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்வதே சரி.