பூனைக்குச் சுகர்: வீட்டுக் கணக்கு எதுவரை செல்லும்?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு பூனைக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்துவிட்டால், வைத்தியத்தின் பெரும்பகுதி வீட்டில்தான் நடந்தாக வேண்டும். ஊர்க்காரர்கள் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு கால்நடை மருத்துவமனையில் பசுவுக்கும் ஆட்டுக்கும்தான் கூட்டம். கல்லூரி அளவிலான சிகிச்சை வேண்டுமென்றால் ஏறத்தாழ 40 கி.மீ. தள்ளிப் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவ நிறுவனத்துக்கோ, சென்னை வேப்பேரிக்கோ போக வேண்டும். ஆகவே பலரும் வீட்டுப் பெரியவருக்கு வாங்கிய குளுக்கோமீட்டரையே பூனைக்கும் எடுக்கிறார்கள். அந்த எண்ணை எந்த முடிவுக்கு நம்பலாம், எந்த முடிவுக்கு நம்பக்கூடாது என்பதே கேள்வி.

முதலில் பலம். பூனை பயந்தால் சர்க்கரை ஏறும். கூடையில் அடைத்துப் பேருந்தில் கொண்டுபோய், நாய் குரைக்கும் வராந்தாவில் காக்கவைத்து இரத்தம் எடுத்தால், நோயில்லாத பூனைக்குக்கூட 300 மி.கி.யைத் தாண்டலாம். அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால், வீடு திரும்பி அமைதியான பூனைக்கு அதே அளவு அதிகமாகிவிடும். பழகிய இடத்தில், பழகிய கை காதின் ஓரத்தில் குத்தி எடுக்கும் துளியில் இந்தப் பயக்கணக்கு பெரிதும் குறைகிறது. சூரிச் பல்கலைக்கழகத்தில் கிளாடியா ரோய்ஷும் அவருடைய குழுவினரும் இந்தக் காது முறையை ஆராய்ந்து, வீட்டுக்காரர்களும் செய்யக்கூடியது என்று காட்டினார்கள்.

இரண்டாவது பலம், இறக்கத்தைக் காண்பது. காலையில் ஒருமுறை மட்டும் பார்த்தால், ஊசி போட்ட பிறகு சர்க்கரை எதுவரை இறங்கியது என்பது தெரியாது. 2 மணிக்கு ஒருமுறை வீதம் 12 மணி நேரம் பார்த்தால்தான் அதன் அடிமட்டம் பிடிபடும். அது 80க்கும் 150க்கும் இடையில் இருப்பது நல்லது என்பது பொதுவான இலக்கு. 2009இல் ரூம்ப், ராண்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வில், வீட்டுச் சோதனையோடு கிளார்ஜின் இன்சுலின் பெற்ற 55 பூனைகளில் 64 விழுக்காடு, பிறகு இன்சுலின் இல்லாமலே வாழ்ந்தன. நோய் தெரிந்து 6 மாதத்துக்குள் இந்த முறைக்கு வந்தவற்றில் அது 84 விழுக்காடு. பூனை விஷயத்தில் சீக்கிரம் கட்டுப்படுத்தினால் நோயே பின்வாங்கலாம் என்பது பெரிய நம்பிக்கை. ஆனால் இந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. கலந்துகொண்டவர்களோ மிகுந்த ஈடுபாடு கொண்டவர்கள். எல்லா வீட்டுக்கும் இதே பலன் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இனி குறைகள். மனித இரத்தத்தில் குளுக்கோஸின் 42 விழுக்காடு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது; பூனைக்கு 7 விழுக்காடுதான், மீதி முழுவதும் பிளாஸ்மாவில். மனிதக் கணக்குக்குச் செய்த மீட்டர், பூனையின் சர்க்கரையைப் பெரும்பாலும் குறைத்தே காட்டும். 60 என்று காட்டும்போது உண்மையில் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். தாழ்சர்க்கரை விஷயத்தில் இந்தப் பிழை சற்றுப் பாதுகாப்பான பக்கம் சாய்கிறது: வீண் பயம் வரலாம், ஆபத்தைத் தவறவிடுவது குறைவு. உயர்சர்க்கரையில் அப்படியல்ல, கட்டுக்குள் வராத பூனை வந்துவிட்டதாகத் தோன்றும். ஆல்ஃபாட்ராக் போன்ற விலங்கு மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரே மீட்டரை மாற்றாமல் பயன்படுத்தி, மருத்துவரிடம் எடுக்கும் ஆய்வக அளவோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த குறை இன்னும் பெரியது. ஒரே பூனைக்கு, ஒரே உணவும் ஒரே ஊசியும் கொடுத்தாலும், இன்றைய வரைபடமும் நாளையதும் ஒத்துப்போவதில்லை. இன்று 380 என்று பார்த்துப் பதறி இரவு ஊசியைக் கூட்டினால், நாளை அதே பூனை 45க்கு இறங்கித் தள்ளாடலாம், வலிப்பு வரலாம். பூனைக்கு ஒரு வேளைக்கு 1 யூனிட் என்பதே வழக்கமான தொடக்கம் என்பதால், அரை யூனிட் பிசகுகூடச் சிறிதல்ல.

இங்கே நம் மருந்துக்கடைகளுக்கே உரிய சிக்கலும் சேர்கிறது. இந்தியாவில் சாதாரண இன்சுலின் பாட்டில் 40 யூனிட் வகை, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச்; கிளார்ஜின் 100 யூனிட் வகை, அதற்கு ஆரஞ்சு மூடி. கிளார்ஜினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 கோடு இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். ஊசி தவறிவிட்டால் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும், தடுக்காது. வெயிலும் ஒரு காரணி: ஸ்ட்ரிப்புகளை 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள், கத்திரி வெயில் காலத்தில் ஓட்டு வீட்டு அலமாரியில் அது நடக்காது.

செலவையும் மறக்க முடியாது. ஒரு முழு நாள் வரைபடத்துக்கு 7 ஸ்ட்ரிப், வீணாவதையும் சேர்த்தால் 10. வேலைக்குப் போகும் வீட்டில் பகல் முழுக்க யார் இருப்பது? தோலில் ஒட்டும் 14 நாள் சென்சார் குத்தலைக் குறைக்கும், ஆனால் விலை கூடுதல். பூனை அதைப் பிய்த்தும் எறியும். தவிர, எண்ணில் மூழ்குபவர்கள் காசில்லாத சாட்சிகளை விட்டுவிடுகிறார்கள். குடிக்கும் தண்ணீர், சிறுநீரின் அளவு, வாராந்தர எடை மூன்றும் சேர்ந்து சொல்வதை ஒரு துளி சொல்லாது. பால்சோறும் தயிர்சோறும் தட்டில் தொடர்ந்தால் மீட்டரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதற்காக உணவைத் திடீரென மீன், கோழி என்று மாற்றுவதும் கூடாது. இன்சுலின் அளவை மருத்துவர் உடனே திருத்த வேண்டியிருக்கும்.

எடைபோட்டால் ஒரு கோடு தெளிவாக விழுகிறது. ஊசியைத் தள்ளிப்போடவோ நிறுத்திவைக்கவோ வீட்டு எண் போதுமான ஆதாரம்: மருத்துவர் குறித்துக்கொடுத்த அளவுக்குக் கீழே இருந்தால் அந்த வேளை ஊசி வேண்டாம், தள்ளாடினால் ஈறில் சர்க்கரைப் பாகு தடவிவிட்டு உடனே தொலைபேசி. கூட்டுவதற்கு அது போதாது. அதற்குப் பல நாள் குறிப்பும், எடையும், கடந்த சில வாரங்களின் நிலையைச் சொல்லும் ஃப்ரக்டோசமின் பரிசோதனையும், அவற்றைப் படித்துச் சொல்லும் ஒரு மருத்துவரும் தேவை. நோட்டில் எழுதிய எண்களைப் படமெடுத்து அனுப்பினால் புதுச்சேரியோ சென்னையோ தூரமில்லை. அப்படி ஒருவர் மறுமுனையில் இருந்தால் திண்டிவனத்து வீட்டில் எடுக்கும் அளவு, ஆஸ்பத்திரியில் எடுப்பதைவிட நம்பகமானது. அவர் இல்லாமல் மீட்டரை மட்டும் வைத்து வைத்தியம் செய்வதைவிட, மருத்துவர் சொன்ன அளவை மாற்றாமல் போட்டுவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தைக் கவனிப்பது மேல்.