மொட்டைக் கோழிக்கு மார்கழிக் களி

வெதுவெதுப்பான கம்பங்களியைக் கோழி சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நாட்டுக்கோழியைச் சொல்லவில்லை. அது எதைப் போட்டாலும் தின்னும். நான் சொல்வது கூண்டிலிருந்து அப்போதுதான் இறங்கிய முட்டைக்கோழியை. கழுத்தில் இறகு கிடையாது, முதுகு மொட்டை, வால் இருந்த இடத்தில் நாலு குச்சி, கொண்டை வெளுத்துப்போய் ஒரு கண்ணை மூடித் தொங்கும். அப்படிப்பட்ட ஒரு ஜீவன் கிண்ணத்தில் தலையை விட்டு, எடுத்து, மூக்கெல்லாம் களியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தது பாருங்கள், அன்றைக்கு விழுந்தவள்தான் நான். இன்னும் எழுந்திருக்கவில்லை!

முகப்பேர் மேற்கில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போடும் இடம்தான் இப்போது கோழி மாளிகை. அதில் ராணிகள் மட்டும்தான்; சேவல் கிடையாது. அதனால் விடியற்காலைக் கூவல் தொல்லை இல்லை, அக்கம்பக்கத்தில் சண்டையும் இல்லை. மீட்பு என்று பெரிதாகச் சொல்கிறார்களே தவிர, இதில் வீர தீரம் ஒன்றும் கிடையாது. நாமக்கல் பண்ணைகளில் முட்டை குறைந்த கோழிகள் லாரியில் ஏறிச் சென்னைக்கு வரும். கறிக்கடையில் எடை போட்டுக் காசு கொடுத்து உயிரோடு வாங்கி வந்தேன், அவ்வளவுதான். பேப்பரில் தினமும் முட்டை விலை, கறிக்கோழி விலை, முட்டைக்கோழி விலை என்று மூன்று வரி வருமே, அந்த மூன்றாவது வரிதான் என் கோழிகள்.

கடைக்கார பாய் நல்ல மனுஷர். "அக்கா, இதுங்க குளிர் தாங்காதுக்கா. ரெண்டு நாள்ல மண்டையப் போட்டுடும். குழம்புக்கு வேணா சொல்லுங்க, வெட்டித் தர்றேன்" என்றார். அக்கறையில் சொன்னதுதான்.

முகப்பேரில் ஏது குளிர் என்று சிரிக்கத் தோன்றும். மார்கழியில் இருபது டிகிரிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இறங்கும். அதற்கே நாம் மங்கி குல்லாவோடு பால் வாங்கப் போகிறோம். கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி. அதைக் காப்பாற்றும் சட்டையே இறகுதான். அந்தச் சட்டை கூண்டுக் கம்பியில் உரசி உரசிக் கிழிந்து போயிருக்கிறது. போதாததற்கு, ஆயிரக்கணக்கான கோழிகள் நெருக்கியடித்து நிற்கும் கொட்டகையில் ஒன்றின் சூட்டில் இன்னொன்று நின்று பழகியவை இவை. திடீரென்று நாலைந்து பேர் மட்டும், வடகிழக்குப் பருவமழை ஈரம் காயாத தரையில், வாடைக்காற்றில். நடுங்காமல் என்ன செய்யும்?

இதில் யாரும் யோசிக்காத சங்கதி ஒன்று உண்டு. பண்ணையில் விளக்கு போட்டு, பகலையும் சேர்த்துப் பதினாறு மணி நேரம் வரை வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் இருக்கும்வரை கோழி தின்னும். மார்கழியில் சென்னையில் பகல் பதினொன்றரை மணி நேரம்கூட முழுதாக இல்லை. ஆக, வீட்டுக்கு வந்த அன்றே அதன் சாப்பாட்டு நேரம் சுருங்கி, பட்டினி கிடக்கும் ராத்திரி நீண்டுவிடுகிறது. உடம்பில் இறகு இல்லாதபோது வயிற்றிலும் இரை இல்லையென்றால் பாய் சொன்னது பலித்துவிடும்.

என் அம்மாவுக்கு ராசிபுரம் பக்கம். கோழிகளைப் பார்த்ததும், "ஏங்கண்ணு, இதுக எல்லாம் எங்கூர்ப் பக்கத்து உருப்படிங்கல்ல! மொதல்ல வயித்தக் காய விடாத, மத்தது அப்பறம்" என்றாள். எந்தப் புத்தகத்திலும் இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

சரி, களிக்கு வருவோம். அடிப்படை, முட்டைக்கோழிகளுக்கான லேயர் தீவனம்தான். அதை மாற்றவே கூடாது. பாவம், பண்ணைத் தீவனமே தின்று அலுத்திருக்கும், இனி இயற்கையாக அரிசியும் கம்பும் போடுவோம் என்று பாசத்தில் தோன்றும். வேண்டாம்! லேயர் தீவனத்தில் புரதம் நூற்றுக்குப் பதினாறு பதினேழு இருக்கும், சுண்ணாம்புச் சத்து மூன்றரைக்கு மேல். வெறும் தானியத்தில் இந்த அளவு புரதம் தேறாது. இறகு என்பது ஏறக்குறைய முழுக்கப் புரதம். மொட்டைக் கோழிக்கு முதல் கவலை இறகு என்றால், முதல் தேவை புரதம் அல்லவா?

மூன்று பங்கு லேயர் மாவு, ஒரு பங்கு வேகவைத்த கம்பு. மாவை அடுப்பில் ஏற்ற வேண்டாம், வைட்டமின் போய்விடும். கம்பு வெந்து ஆறியும் ஆறாமலும் இருக்கும்போது அதில் மாவைக் கொட்டி, விரல் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டுப் பிசைய வேண்டும். பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும், அதுதான் பதம். கூழாகக் கரைத்தால் தலையை உதறிச் சுவரெல்லாம் கோலம் போட்டுவிடுவார்கள் ராணிகள். பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை ஒரு பிடி, மஞ்சள் ஒரு சிட்டிகை. வாரத்தில் சில நாள் உப்பு போடாமல் காயவைத்த நெத்திலி பொடித்துச் சேர்ப்பேன். இறகு வளரக் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் வேண்டும், அவை தானியத்தைவிட மீனில் தாராளம். அன்றைக்கு எங்கள் வீட்டு வாசனையைப் பற்றி என் மாமியாரிடம் கேட்காதீர்கள்.

கிண்ணம் ஆழமாக இருப்பது முக்கியம், ரொம்ப ரொம்ப முக்கியம். ஏன் என்று கோழியைக் கையில் எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தெரியும். மேல் அலகு மழுங்கலாக முடிந்திருக்கும், கீழ் அலகு அதைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கூண்டுக்குள் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சிலேயே அலகு வெட்டிவிடுகிறார்கள். இந்த அலகால் தரையில் கிடக்கும் ஒற்றைத் தானியத்தைப் பொறுக்க வராது. குறி பார்த்துக் கொத்தும், கம்பு நழுவும், மறுபடி கொத்தும், மறுபடி நழுவும். முற்றத்தில் ஒரு கைப்பிடி தானியத்தை வீசிவிட்டு நாம் உள்ளே வந்தால், கொத்திக் கொத்தியே அது பட்டினி கிடக்கும். நாலு விரல் ஆழத்துக்குத் தீனி நின்றால் அலகால் அப்படியே அள்ளிக்கொள்ளும்.

வந்த புதிதில் இன்னொரு விசித்திரம். இடம் எவ்வளவோ இருக்க, எல்லாம் வரிசையாக ஒரே பக்கம் நின்று, நடுவில் கம்பி இருப்பதாகப் பாவித்துக் கழுத்தை நீட்டி நீட்டித் தின்றன. பின்னே, வாழ்ந்த இடம் அப்படி. முட்டைக்கோழிக்கென்று 2023-ல் வந்த விதிகளே ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடம் என்றுதான் பேசுகின்றன. நம் வீட்டு ஏ4 தாள் 620-க்கு மேல்! அதற்கு முன், 2017-ல் சட்ட ஆணையமே தன் 269-ஆவது அறிக்கையை இந்தக் கோழிகளுக்காக எழுதியது. ஐரோப்பிய ஒன்றியம் பழைய பாணிக் கூண்டுகளை 2012-லேயே ஒழித்துவிட்டது. நாம் எப்போது என்று பெருமூச்சுதான் விட முடிகிறது. நாமக்கல்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. பள்ளிக்கூடச் சத்துணவில் 1989-லிருந்து பிள்ளைகளுக்கு முட்டை போகிறது, அந்த மலிவு முட்டையைத் தின்று வளர்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

தண்ணீர் குடிப்பதிலும் அதே கூண்டுப் பழக்கம்தான். பண்ணைக் குழாயின் நிப்பிளைக் கொத்திக் குடித்தவர்களுக்குக் கிண்ணத்துத் தண்ணீர் என்றால் என்னவென்றே தெரியாது. அலகை மெதுவாக ஒருமுறை நனைத்துவிட்டால் போதும், பிறகு குடிக்கும் குடியைப் பார்க்க வேண்டுமே! பண்ணைகளில் வந்திறங்கும் குஞ்சுக்கு வெல்லத் தண்ணீர் வைப்பார்கள். நானும் முதல் நாள் வெதுவெதுப்பாக அதையே வைத்தேன்.

இப்போது என் செல்லமான பகுதி: சாயங்காலம். அஞ்சு மணிக்கு, இருட்டுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால், உடைத்த மக்காச்சோளம். தலைக்கு ஒரு சின்னக் கைப்பிடி, அதற்கு மேல் கூடாது. கூடினால் கொழுப்பு ஏறும், புரதம் குறையும். சோளம் மெதுவாகச் செரிக்கும், செரிக்கச் செரிக்கச் சூடு கொடுக்கும். ராத்திரி முழுக்க உள்ளே எரியும் கணப்பு அது. அடையப் போகும்போது ஒவ்வொன்றின் மார்புக்கு மேலே, கழுத்தடியில், இரைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். கெட்டியாகப் புடைத்திருந்தால் நிம்மதியாகப் போய்ப் படுக்கலாம். தொளதொளவென்று இருந்தால் அதற்கு மட்டும் தனியாக இன்னொரு வாய்க் களி. தூக்கும்போது இரண்டு கையாலும் தூக்குங்கள். வருஷத்துக்கு முந்நூறு முட்டைக்கு ஓடு கட்டித் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக் கொடுத்த உடம்பு. இறக்கையைப் பிடித்து இழுத்தால் ஒடிந்துவிடும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்கிறது.

மழைக்காலத்தில் பூஞ்சைக்குத்தான் நான் நடுங்குவேன். மிக்ஜாம் புயலில் இந்தப் பக்கமெல்லாம் மிதந்ததே, அந்த மாதிரி ஈரத்தில் தீவன மூட்டை தரையில் இருந்தால் தொலைந்தது. மரப்பலகை மேல் வைக்கவும், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கவும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா பாசமாகக் கடலைப் புண்ணாக்கு கொண்டுவந்தால் ஒன்றுக்கு நாலு தரம் மோந்து பாருங்கள். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்ததற்குப் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்குதான் காரணம். அஃப்ளடாக்ஸின் என்ற விஷத்தை உலகம் தெரிந்துகொண்டதே அப்போதுதான். களியும் மிஞ்சினால் புளித்துவிடும், ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துக் கழுவிவிடுவேன். மிச்ச சாம்பாரும் நெய்யும் உப்பும் போட்ட பொங்கலும் நமக்கே இருக்கட்டும்.

ஸ்வெட்டரா? கேட்கிறார்கள்! இங்கிலாந்தில் கூண்டுக் கோழிகளை வீடுகளுக்கு அனுப்ப 2005-லிருந்தே ஓர் அமைப்பு இருக்கிறது. ஜேன் ஹோவர்த் என்ற பெண்மணி தொடங்கியது. அந்த ஊரில் கோழிக்குக் கம்பளிச் சட்டை பின்னிப் போட்டவர்களும் உண்டு. படத்தில் அழகுதான். ஆனால் ஈரம் பட்டால் உடம்போடு ஒட்டும், முளைக்கிற இறகை அழுத்தும். பணம் மிச்சம் என்றால் தீவனத்தில் போடுங்கள். கொட்டகையில் காற்றடிக்கும் பக்கம் ஒரு கோணிச் சாக்கு, கீழே காய்ந்த உமி, இது போதும்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லிருந்து நமக்கு இருக்கிறது. அங்கே காட்டி வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி விவரம் கேட்டுக்கொண்டேன். அந்த நோய் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்.

பிறகு ஒருநாள் காலை, மொட்டை முதுகில் நீலம் பாய்ந்த முள் முள்ளாகக் குருத்து தெரிந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ரத்தம் ஓடுகிற புது இறகு! கத்திவிட்டேன். அம்மா அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தாள். தை பிறப்பதற்குள் உறை உதிர்ந்து வெள்ளை விரிந்தது, கொண்டை சிவந்து நிமிர்ந்தது. ஒன்று மண்ணைப் பறித்து அதில் உருண்டு குளித்தது, பிறந்ததிலிருந்து அதற்கு யாரும் மண்ணைக் காட்டியதில்லை. கறிக்கடை பாயிடம் போட்டோவைக் காட்டினேன். "இது அந்தக் கோழியா? போங்கக்கா!" என்றார், நம்பவே இல்லை.

முட்டையும் வருகிறது, தினமும் இல்லை. வராவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் கோட்டாவை எப்போதோ முடித்துவிட்டார்கள்.

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா? வரட்டும். ஒன்றை மட்டும் வாங்காதீர்கள், தனிமையில் ஏங்கிப்போகும், குறைந்தது மூன்று. கோழியை வாங்கப் போகும் முன்பே லேயர் தீவனமும் ஆழமான கிண்ணமும் வீட்டில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்த அன்றைக்குச் சாயங்காலம், அடையப் போவதற்குள், இரைப்பை நிறைந்திருக்க வேண்டும்.